எத்தனையாம் பிள்ளை? தேர்ச்சி அறிக்கையை வாசிக்கும் விதம்

தவணை முடிந்து றிப்போட் கொடுக்கும் நாளில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட வாசல்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்பக் கேட்கும். "எத்தனையாம் பிள்ளை?" மோட்டார் சைக்கிளில் காத்திருக்கும் அப்பா கேட்பார். ஓட்டோக்காரர் கேட்பார். ஒழுங்கைக்குள் திரும்பும்போது படலையில் நிற்கும் பக்கத்து வீட்டு மாமி கேட்பார். வீட்டு முற்றத்தில் கால் வைப்பதற்குள் பிள்ளை அந்த எண்ணை நாலைந்து பேருக்குச் சொல்லி முடித்திருக்கும். பிறகு புத்தகப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தால், வீட்டிலும் முதலில் விரல் போகும் இடம் அதே கட்டம்தான்: நிலை, அதாவது வகுப்பில் எத்தனையாவது இடம்.

வகுப்பாசிரியராக 17 வருடங்களாக இந்த அட்டைகளை நிரப்பி வருகிறேன். பெற்றோராக இரண்டு பிள்ளைகளின் அட்டைகளில் கையொப்பமும் வைக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. அட்டையைத் தப்பான இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்குகிறோம். பிள்ளையைப் பற்றி ஆகக் குறைவாகச் சொல்லும் கட்டம் நிலைதான். அதற்குக் கீழே, அவசரத்தில் கண் தாண்டிப் போகும் இடத்தில், கூடுதலாகச் சொல்பவை இருக்கின்றன.

அட்டையை ஒருமுறை விரித்துப் பார்ப்போம். முன்பக்கத்தில் பாடசாலையின் பெயரும் இலச்சினையும், பிள்ளையின் பெயர், தரம், சேர்விலக்கம். உள்ளே இடது ஓரத்தில் பாடங்கள் வரிசையாக இருக்கும்: சைவநெறி அல்லது கிறிஸ்தவம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, புவியியல், குடியியல், சுகாதாரம், இரண்டாம் மொழி, சித்திரமோ சங்கீதமோ நடனமோ ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று தவணைக்கும் மூன்று நிரல்கள். அவற்றின் அடியில் மொத்தம், சராசரி, நிலை. அதற்கும் கீழே வரவு, நடத்தை, வகுப்பாசிரியர் குறிப்பு. கடைசியில் மூன்று கையொப்பங்கள். பள்ளிக்குப் பள்ளி அட்டையின் நிறமும் கட்டங்களின் ஒழுங்கும் மாறும். உள்ளடக்கம் ஏறக்குறைய இதுதான்.

இந்த எண்கள் எப்படி வந்து சேருகின்றன என்பது பெற்றோருக்குத் தெரிந்திருப்பது நல்லது. பரீட்சை முடிந்ததும் பாட ஆசிரியர்கள் திருத்தி, புள்ளிகளை வகுப்பாசிரியரிடம் தருவார்கள். அவை முதலில் ஒரு பெரிய புள்ளிப் பட்டியலில் ஏறும். 38 பிள்ளைகள், 11 பாடங்கள் என்றால் 418 எண்கள். இப்போது சில பள்ளிகளில் கணினி கூட்டிக் கொடுத்துவிடுகிறது. மற்ற இடங்களில் அடிமட்டத்தை வரியின் கீழே வைத்து, ஒருவர் வாசிக்க ஒருவர் கூட்ட, அது ஒரு இரவு வேலை. மொத்தம் சரியா, சராசரி சரியா, ஒரே மொத்தம் எடுத்த இருவருக்கும் ஒரே நிலை போட்டாயிற்றா, அடுத்தவருக்கு ஒரு எண் தாண்டிப் போட்டாயிற்றா என்று பார்த்து முடிக்கும்போது கண் எரியும். குறிப்பு எழுதும் கட்டம் அதன் பிறகுதான் வரும். "நன்று." "திருப்தி." "மேலும் முயற்சிக்க." 38 பிள்ளைகளுக்கு இந்த மூன்றையே மாற்றி மாற்றி எழுதும் ஆசிரியருக்குப் பிள்ளைகளில் அக்கறை இல்லை என்று நினைக்க வேண்டாம். அந்தக் கட்டத்துக்கு வந்து சேரும்போது இரவு 11 மணி ஆகியிருக்கும்.

சரி, புள்ளிக்கு வருவோம்.

எட்டாந்தரப் பிள்ளை ஒன்று கணிதத்தில் 48 எடுத்திருக்கிறது, விஞ்ஞானத்தில் 66. எந்த வீட்டிலும் நடப்பது ஒன்றுதான்: கணிதத்துக்குப் பேச்சு விழும், விஞ்ஞானம் பரவாயில்லை என்று விடப்படும். அடுத்த நாளே கணிதத்துக்கு இன்னொரு ரியூசன் தேடுவார்கள். இப்போது நான் இரண்டு எண்களைக் கூடத் தருகிறேன். அந்த வகுப்பின் கணிதச் சராசரி 41. விஞ்ஞானச் சராசரி 71. அதாவது எல்லோரும் சறுக்கிய தாளில் இந்தப் பிள்ளை சராசரிக்கு 7 புள்ளி மேலே நிற்கிறது. எல்லோரும் நன்றாகச் செய்த தாளில் 5 புள்ளி கீழே நிற்கிறது. கவனிக்க வேண்டிய பாடம் விஞ்ஞானம். வீட்டில் முடிவெடுத்தது நேர்மாறாக.

இதற்கு மேல் இன்னொரு படி உண்டு. வகுப்பில் புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதும் முக்கியம். சில தாள்களில் 5 எடுத்தவரும் இருப்பார், 95 எடுத்தவரும் இருப்பார். சில தாள்களில் எல்லோரும் 60க்கும் 80க்கும் நடுவில் நிற்பார்கள். அந்தப் பரவலை அளக்கும் எண்ணைத்தான் நியம விலகல் என்கிறோம். மேலே சொன்ன வகுப்பில் கணிதத்தின் நியம விலகல் 14, விஞ்ஞானத்தின் நியம விலகல் 10 என்று வைப்போம். கணிதத்தில் 7ஐ 14ஆல் வகுத்தால் 0.5. விஞ்ஞானத்தில் சராசரிக்குக் கீழே 5, அதை 10ஆல் வகுத்தால் மறை 0.5 (-0.5). இதுதான் இசட் புள்ளி. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத் தெரிவுக்கு 2001 முதல் பயன்படுவது இந்தக் கணக்குத்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக இப்படிக் கணித்து மூன்று பாடத்துக்கும் சராசரி எடுப்பார்கள். பௌதிகவியல் தாள் கடினமாக வந்த ஆண்டில் அந்தப் பாடத்தை எடுத்தவர்கள் நட்டப்படக் கூடாது என்பதற்காகத்தான் அது.

உயர்தரத்துக்கு நாடே ஒத்துக்கொண்ட இந்தச் சிறு நியாயத்தை ஆறாந்தரப் பிள்ளைக்கு நாங்கள் கொடுப்பதில்லை. 75உம் அதற்கு மேலும் என்றால் ஏ, 35க்குக் கீழே என்றால் டபிள்யூ, அதாவது சித்தியில்லை, என்ற சாதாரண தரப் பரீட்சை எல்லைகளை அப்படியே கொண்டுவந்து தவணைத் தாளின் மேல் வைக்கிறோம். தவணைத் தாள்கள் எல்லாம் ஒரே கடினத்தில் வருவதில்லை. சில தரங்களுக்கு வடமாகாணக் கல்வித் திணைக்களத்தின் பொதுத் தாள் வரும், சிலவற்றுக்குப் பள்ளிக்குள்ளேயே தயாரிப்பார்கள். உயர்தரப் பிள்ளைகளுக்குத் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தாள் வரும். அந்தத் தாளில் 45 எடுத்தாலே சந்தோசப்படும் பிள்ளைகளை எனக்குத் தெரியும், ஏனென்றால் அது எவ்வளவு கடினமான தாள் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் தெரிவதில்லை. அவர்களுக்கு 45 என்றால் 45.

அதனால் ஒரு வேண்டுகோள். அட்டையில் வகுப்புச் சராசரி அச்சிடப்படவில்லை என்றால் ஆசிரியரிடம் கேளுங்கள். "ரீச்சர், கணிதத்தில வகுப்புச் சராசரி எவ்வளவு?" புள்ளிப் பட்டியல் எங்கள் கையில்தான் இருக்கிறது. அரை நிமிட வேலை. இத்தனை வருடத்தில் என்னிடம் நிலையைக் கேட்காத பெற்றோர் இல்லை, சராசரியைக் கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நிலைக்கு வருகிறேன். அது ஒரு வரிசை, அவ்வளவுதான். ஐந்தாம் பிள்ளைக்கும் பன்னிரண்டாம் பிள்ளைக்கும் நடுவில் சராசரியில் 3 புள்ளிதான் வித்தியாசம் என்றாலும் அட்டையில் 5 என்றும் 12 என்றும்தான் விழும். வீட்டில் அந்த இரண்டு எண்களுக்கும் இரண்டு விதமான இராச்சாப்பாடு நடக்கும். அழகியல் பாடம் இன்னொரு சிக்கல். ஒரே வகுப்பில் சிலர் சித்திரத்துக்குப் போவார்கள், சிலர் சங்கீதத்துக்கு, சிலர் நடனத்துக்கு. புள்ளி போடுபவர் வேறு, போடும் முறை வேறு. ஒரு பாடத்தில் தாராளமாக 85 கிடைக்கும், இன்னொன்றில் நன்றாகச் செய்தவருக்கும் 70தான். அந்த 15 புள்ளியும் மொத்தத்தில் சேரும். மொத்தம்தான் நிலையைத் தீர்மானிக்கும். பிள்ளை இரண்டு இடம் இறங்கியதற்குக் காரணம் அது வீணை தூக்கிக்கொண்டு போனதுதான் என்று கண்டுபிடித்த சந்தர்ப்பங்கள் உண்டு.

சராசரியும் அப்படித்தான். தமிழில் 90உம் ஆங்கிலத்தில் 20உம் எடுத்த பிள்ளைக்கும், இரண்டிலும் 55 எடுத்த பிள்ளைக்கும் ஒரே சராசரி. முதல் பிள்ளைக்கு உடனடியாக ஓர் ஆள் பக்கத்தில் இருந்து ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு அந்த அவசரம் இல்லை. 55 என்ற எண் இதைச் சொல்லாது.

பெற்றோரை மட்டும் குறை சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. புள்ளியின் மேல் எங்கள் ஊருக்கு இருக்கும் பிடிக்கு நீண்ட காரணம் இருக்கிறது. அதைத் தெரியாமல் இந்த அட்டையைப் புரிந்துகொள்ளவும் முடியாது.

திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு றிப்போட் இல்லை. ஏடு தொடக்கி, மணலில் எழுதி, பாடமாக்கி ஒப்புவித்தால் அதுதான் சோதனை. தகப்பன் கேட்டால் ஆசிரியர் வாயால் சொல்வார். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கிய பிறகு எழுத்துப் பரீட்சையும் வகுப்பு ஒழுங்கும் இங்கே வேர்விட்டன. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் சைவத்தைக் காப்பதற்காக அதே பள்ளிக்கூட வடிவத்தைத்தான் கையில் எடுத்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகச் சி.வை.தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் தேறியபோது, கடல் தாண்டிப் போய்ப் பரீட்சை எழுதி வெல்லலாம் என்பது இந்தக் குடாநாட்டுக்குக் கண்முன் நிரூபணமானது.

அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1869இல் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தது. அதைத் தொடர்ந்து உதவி பெறும் பள்ளிகளுக்கு அரசாங்கம் பணம் கொடுத்த முறை, பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு. பரிசோதகர் வருவார், பிள்ளைகளை வாசிப்பு, எழுத்து, எண் மூன்றிலும் சோதிப்பார், எத்தனை பேர் சித்தியடைந்தார்களோ அதற்கேற்பப் பள்ளிக்கு நன்கொடை கிடைக்கும். அதாவது பிள்ளையின் புள்ளி அன்றைக்குப் பள்ளிக்கூடத்தின் வருமானம். வாத்தியாருக்குச் சம்பளம் வருமா என்பது பரிசோதகர் வரும் நாளில் பிள்ளை எப்படி வாசிக்கிறது என்பதில் தங்கியிருந்தது. பிரம்பும் மனப்பாடமும் எவ்வளவு தூரம் அதிலிருந்து வந்தன என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

ஊரின் நிலமும் ஒரு காரணம். வற்றாத ஆறு இல்லாத மண். கிணற்றுத் தண்ணீரை நம்பிப் புகையிலையும் வெங்காயமும் செய்கிற சிறு காணிகள். பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப் போதாது. ஆகவே கோறணமேந்து, அதாவது அரசாங்க, உத்தியோகம். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்" என்று அம்மம்மாமார் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் அந்த வாசல் திறந்தது. திறந்த வாசலுக்கான சாவி பரீட்சைப் புள்ளி.

பிறகு 1970கள். 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழிமூலம் தோற்றியவருக்கு 400க்கு 229 போதும், தமிழ் மொழிமூலம் தோற்றியவருக்கு 250 வேண்டும் என்று ஆனது. சில வருடங்களில் மாவட்டக் கோட்டாவும் சேர்ந்தது. பல தலைமுறையாகப் புள்ளியை நம்பி வாழ்ந்த ஊருக்கு அது எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் காயம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இங்கே விரிக்கத் தேவையில்லை. இன்று பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் நாடளாவிய தகுதிக்கும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படைக்கும் 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பிரிகிறது. இசட் புள்ளியில் தசமத்துக்குப் பின்னால் நாலாம் இலக்கத்தில் தவறிப்போன பிள்ளைகள் எங்கள் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள்.

அதனால்தான் 71 எடுத்த பிள்ளையிடம் அம்மா "நாலு மாக்ஸை விட்டிட்டியே" என்கிறார். அந்தக் குரலில் இருப்பது பேராசை என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அது பயம். தன் அண்ணனுக்கு நடந்தது, தன் தகப்பன் சொல்லிக் கேட்டது எல்லாம் சேர்ந்த பயம். ஆனால் உயர்தரத்துக்கு உரிய பயத்தை ஆறாந்தரத்து இரண்டாம் தவணையில் கொட்டினால் அந்தப் பிள்ளைக்கு அதைத் தாங்கும் வயது இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த அட்டை எங்களுக்கு ஆவணமாகவும் இருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போர் நெருங்கி வர, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்தபோது நான் ஏழாந்தரம். அம்மா அவசரத்தில் எடுத்தவை அரிசி, ஒரு கேத்தில், அப்புறம் ஒரு சொப்பிங் பை. அந்தப் பைக்குள் பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள், காணி உறுதி, எங்கள் மூவரின் றிப்போட்டுகள். மழை. பையின் வாயை அம்மா மூன்று தரம் முறுக்கிக் கட்டியிருந்தார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைச் சேர்க்கப் போனபோது விடுகைப் பத்திரம் ஒருவரிடமும் இல்லை. விடுகைப் பத்திரம் தர வேண்டிய அதிபரும் எங்களைப்போல் எங்கேயோ ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தார். அம்மா றிப்போட்டுகளை நீட்டினார். அந்த ஆசிரியர் தரம், சேர்விலக்கம், கையொப்பம் மூன்றையும் பார்த்துவிட்டுப் பெயரை எழுதினார். என் புள்ளியை அவர் பார்க்கவே இல்லை.

அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரங்கள் கறையான் தின்றவை. முதலாம் தவணை, இரண்டாம் தவணை இரண்டு நிரல்களும் நீல மையில் நிறைந்திருக்கும். மூன்றாம் தவணை நிரல் மேலிருந்து கீழ் வரை வெறுமை. அந்த வெறுமையில் இருப்பதைப்போல என்னைப் பற்றிய செய்தி வேறெந்த அட்டையிலும் இல்லை என்று நினைக்கிறேன்.

இனி, கீழே இருக்கும் கட்டங்கள். வரவிலிருந்து தொடங்குங்கள். "58 நாளில் 33" என்று ஒரு வரி இருந்தால் மேலே உள்ள அத்தனை எண்களும் அந்த ஒரு வரியின் விளைவாக இருக்கலாம். மூன்றாம் தவணையில் மழைக்காலம், காய்ச்சல், வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகள், வரவு இயல்பாகக் குறையும். அதைத் தாண்டிக் குறைந்தால் ஏதோ நடக்கிறது. உயர்தரத்துக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும் என்பதால் பெரிய வகுப்பில் எல்லோரும் இதைக் கணக்குப் பார்ப்பார்கள். சின்ன வகுப்பில் யாரும் பார்ப்பதில்லை.

நானும் பார்க்காமல் விட்டிருக்கிறேன். ஆசிரியராகி இரண்டாம் வருடம், மாதகல் பக்கமிருந்து வந்த ஒரு பையனின் அட்டையில் "முயற்சி போதாது" என்று எழுதினேன். மேலே சொன்ன 58இல் 33 அவனுடைய வரவுதான். அந்த வரவையும் நானே எழுதினேன், குறிப்பையும் நானே எழுதினேன், இரண்டையும் சேர்த்து வாசிக்கவில்லை. அடுத்த தவணையில் அவன் அக்கா வந்து சொன்னாள். விடியப்புறம் தகப்பனோடு கரைக்குப் போய் வலை இழுத்து, மீன் பிரித்து முடிய எட்டு, ஒன்பது மணி ஆகிவிடும், பிந்திப் போனால் அடி விழும் என்று அவன் வருவதில்லை. தாய்க்கு வாசிக்கத் தெரியாது. குறிப்பை அக்காதான் வாசித்துக் காட்டியிருக்கிறாள், அவன் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறான். "அவன் ஒண்டும் சொல்லேல்லை சேர். எழும்பிப் போயிட்டான்" என்றாள்.

அந்தப் பையனைப்போல உழைத்த பிள்ளை என் வகுப்பில் அன்று யாரும் இல்லை. அந்த இரண்டு சொல்லை எழுதியதற்காக இன்றும் மனம் நோகிறது. அதற்குப் பிறகு வரவுக் கட்டத்தைப் பார்க்காமல் குறிப்பு எழுதுவதில்லை.

ஆசிரியர் குறிப்பை எப்படி வாசிப்பது? "நன்று" என்று மட்டும் இருந்தால் அதில் செய்தி இல்லை என்று எடுங்கள். "பாடவேளையில் கதைப்பார்", "வீட்டு வேலை செய்து வருவதில்லை", "எழுத்து சீராக இல்லை" என்று குறிப்பாக ஏதாவது இருந்தால் அது ஓர் ஆசிரியர் நேரம் எடுத்து எழுதியது. அதைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வாருங்கள். பெற்றோர் கூட்டத்தில் 40 பேருக்கு நடுவில் கேட்பதை விட ஒரு சாதாரண நாளில், இடைவேளையில் வந்து கேட்பது நல்லது. என்ன கேட்கலாம் என்றால், எந்தக் கேள்வியில் பிழை விட்டிருக்கிறது என்று விடைத்தாளைக் காட்டச் சொல்லலாம். கணிதத்தில் 48 என்பதற்குப் பின்னால் பின்னங்கள் விளங்காமை இருக்கலாம், நேரம் போதாமை இருக்கலாம், கேள்வியை விளங்கி வாசிக்காத தமிழ்ப் பிரச்சினையும் இருக்கலாம். மூன்றுக்கும் மூன்று மருந்து. ஒரே மருந்தாக ரியூசனைக் கொடுத்து வருகிறோம்.

ஆரம்ப வகுப்புகளில் இந்தக் குழப்பம் வேறு மாதிரி. ஒன்றாந்தரத்திலிருந்தே பிள்ளை அடைய வேண்டியவற்றை அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்று வகுத்து, அடைந்ததா, இன்னும் துணை வேண்டுமா என்று பார்ப்பதுதான் அங்கே முறை. நல்ல முறை. ஒரு பிள்ளை 20 வரை எண்ணுமா, தன் பெயரை எழுதுமா, கதை கேட்டால் திருப்பிச் சொல்லுமா என்று நேராகச் சொல்லும். அந்த அட்டையைப் பார்த்துவிட்டு "அது சரி ரீச்சர், எத்தனை மாக்ஸ்?" என்று கேட்கும் பெற்றோருக்காகவே சில இடங்களில் புள்ளியும் நிலையும் உள்ளே வந்துவிட்டன. பிறகு நாலாந்தரத்தில் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான ஓட்டம் தொடங்கும். அதைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். இங்கே ஒன்று மட்டும் சொல்கிறேன். வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்த பிள்ளையின் ஆறாந்தர அட்டையில், முதலாம் தவணையில், ஒரு சோர்வு தெரியும். பல வருடங்களாகப் பார்க்கிறேன். புள்ளிகள் எல்லாப் பாடத்திலும் ஒரே மாதிரித் தாழ்ந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் அவகாசம் கொடுங்கள்.

இப்போது புதிதாக ஒரு வழக்கம். அட்டையைப் போனில் படம் எடுத்து, ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவுக்கும் லண்டனில் இருக்கும் மாமாவுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்புவது. பலர் அன்போடுதான் கேட்கிறார்கள். படிப்புச் செலவுக்கு உதவுபவர்களும் அவர்கள்தான். ஆனால் குடும்பக் குழுமத்தில் மச்சான் மச்சாள்மாரின் அட்டைகளும் பக்கத்தில் வரிசையாக வந்து விழும்போது பிள்ளை அதையும் பார்த்துக்கொண்டு இருக்கிறது. முகநூலில் போடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன், முதலாம் பிள்ளையின் அட்டையாக இருந்தாலும். அதில் பிள்ளையின் பெயர், பள்ளி, சேர்விலக்கம் எல்லாம் இருக்கிறது. அடுத்த தவணை மூன்றாம் பிள்ளையானால் அந்தப் பக்கத்தை என்ன செய்வது? அனுப்பத்தான் வேண்டும் என்றால் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் அதற்கும் அட்டையிலேயே வழி இருக்கிறது. மூன்று நிரல்களும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றனவே. ஒரு பாடத்தை எடுத்து இடமிருந்து வலமாக வாசியுங்கள்: 41, 44, 52. வகுப்புச் சராசரி பெரிதாக மாறாமல் இருந்தால் இந்தப் பிள்ளை ஏறுகிறது. 83, 78, 70 எடுத்த பிள்ளை அதைவிட எவ்வளவோ மேலே நிற்கிறது, ஆனால் அதனோடுதான் இன்று உட்கார்ந்து பேச வேண்டும். என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இப்படி இரண்டு, மூன்று பேர் இருப்பார்கள். புள்ளி இன்னும் நல்லது என்பதால் ஒருவரும் கவனிப்பதில்லை. கவனிக்கும்போது டபிள்யூ வந்திருக்கும்.

பெற்றோர் கையொப்பக் கட்டம் கடைசி. அதில் பிள்ளையே கையொப்பம் வைத்துக் கொண்டுவருவதும் உண்டு. எழுத்தைப் பார்த்ததும் எங்களுக்குத் தெரிந்துவிடும். நான் அதற்காகப் பிள்ளையை அடித்ததில்லை, வகுப்பில் வைத்துக் கேட்டதும் இல்லை. தன் வீட்டில் காட்டப் பயப்படும் பிள்ளை அது. அன்று பின்னேரம் அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அட்டை திரும்பி வந்தது. பெற்றோர் இருவரும் இல்லாமல் அம்மம்மாவோடு இருக்கும் ஒரு பிள்ளையினுடையது. கையொப்பத்துக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த சின்ன இடத்தில், பென்சிலால், நடுங்கும் எழுத்தில் எழுதியிருந்தார்: "சேர், பிள்ளை கொப்பியை மூக்குக்குக் கிட்ட வைச்சுத்தான் எழுதுறாள். ஒருக்காப் பாருங்கோ." நான் அவளைத் தினமும் பார்க்கிறேன். மூன்றாம் வரிசையில் இருந்து பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவாள் என்று அவளைக் கண்டித்தும் இருக்கிறேன். கரும்பலகை அவளுக்குத் தெரியவே இல்லை. அடுத்த கிழமை கண் கிளினிக்குக்குப் போய்க் கண்ணாடி வாங்கினார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு தவணையும் அட்டையின் அடியில், பெற்றோர் கையொப்பத்துக்குக் கீழே, பென்சிலால் ஒரு நீளக் கோடு போட்டு அனுப்புகிறேன். பிள்ளைகளிடம் சொல்வேன், வீட்டில் யாராவது ஒரு வரி எழுதட்டும் என்று. போன தவணை 38 அட்டைகளில் 9இல் எழுத்து இருந்தது. ஒன்றில், "இரவில பயப்பிடுறான், தனிய படுக்கிறானில்லை." ஒன்றில், "சமூகக்கல்விக் கொப்பி கூரை ஒழுகி நனைஞ்சு போச்சு. திரும்ப எழுத ஒரு கிழமை தாங்கோ."